ஊவா மலைகளில் ஒரு தாயின் விடுமுறை

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை பட்டிப்பொலை நிலையத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 6,226 அடியை எட்டுகிறது. இத்தீவின் நிலையங்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை. அங்கிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் வண்டி ஒரு சுரங்கத்துள் நுழைகிறது. அச்சுரங்கத்தின் இப்புறம் மத்திய மாகாணம். அப்புறம் ஊவா மாகாணம். ஆடி, ஆவணி மாதங்களில் இவ்வழியே பிரயாணம் செய்கிறவர்களுக்கு இந்த எல்லையை எந்தப் பலகையும் அறிவிக்க வேண்டியதில்லை. மூடுபனியும் தூறலுமாக நம்மைக் கம்பளியைத் தேட வைத்த உலகம், சில நிமிஷ இருட்டுக்குப் பின், நீல ஆகாயமும் புல்வெளி மீது படர்ந்த வெயிலுமாகக் கண்முன்னே விரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளிலே சொரிந்துவிட்டு, முகட்டைத் தாண்டும்போது வறண்ட காற்றாகி ஊவாவுக்குள் இறங்குவதால் நிகழும் மாறுதல் இது. கச்சான் என்று அதைச் சொல்வார்கள். அந்த வறட்சியில் தேயிலைச் செடி வாடி, வளர்ச்சி குன்றி, தன் சாரத்தை இளங்கொழுந்தில் செறித்து வைத்துக்கொள்வதனாலேயே, ஆடி தொடங்கிப் புரட்டாசி வரையில் பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் தனி விலையும் உண்டாயின.

அந்தச் சுரங்கத்தின் இருட்டில், எங்கள் பெட்டியின் மறுகோடியில், யாருடையதோ ஒரு கைக்குழந்தை பயந்து வீரிட்டழுதது. குரல் சுவரில் மோதி எதிரொலித்த கணத்திலே என் மார்பில் பால் சுரந்து மேலாடையை நனைத்தது. எட்டு மாதமும் நிரம்பாத என் மகள் அப்போது வெகு தூரத்திலே, வெள்ளவத்தையில், என் தாயாரின் மடியில் இருந்தாள். அழுத குழந்தை என்னுடையதல்ல என்பதைப் புத்தி அறிந்திருந்தும் தேகம் அறியவில்லை. எதிரே அமர்ந்திருந்த என் ஸ்நேகிதி, தாதியாகப் பணிபுரிகிறவள், ஒன்றும் கேளாமல் தன் சால்வையை எடுத்து என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டாள்.

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியிலே ஒரே தாழ்வாரத்தில் வாழ்ந்த நால்வர் நாங்கள். ஒருத்தி தாதியின் மேற்படிப்புக்காக வந்தவள். ஒருத்தி இப்போது வங்கியில் உத்தியோகம் பார்க்கிறாள். மற்றொருத்தி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து பறித்த தாய்க்கும் கவ்வாத்து வெட்டிய தந்தைக்கும் பிறந்து, இன்று பதுளையில் ஆசிரியையாய் இருக்கிறாள். பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறை வெள்ளிக்கிழமையில் வாய்த்த ஒரு வாரத்தில் தன் வீட்டுக்கு வரவேண்டுமென்று அழைத்தவள் அவளே. ‘பிள்ளையையும் தூக்கிட்டு வாடி’ என்று முதலிலே சொன்னவள், சற்று யோசித்து, ‘இல்ல, வேணாம்; நீ மட்டும் வா. உன்கிட்ட பேசி எவ்வளவு நாளாச்சு’ என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டபோது என் கண்கள் கலங்கின. பிரசவமான நாள்முதல் என்னைப் பார்க்க வந்தவர்கள் அநேகர். அவர்கள் அத்தனை பேரும், முறைப்படியும் அன்பாலும், குழந்தையைப் பார்க்க வந்தவர்கள்.

போவதா, வேண்டாமா என்று நான் தயங்கிய நாட்களில் அயலிலே பேச்சு எழாமலில்லை. பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போகிறாளாம் என்று ஒரு மூதாட்டி சொன்னது என் காதில் விழவே சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்து மரபில் வளர்ந்தவளான என் தாயார், எனக்குப் பிள்ளை பிறந்த அன்றிலிருந்து முப்பத்தோராம் நாள் வரையில் என்னை ஓர் அறையை விட்டு வெளியே வர அனுமதியாமல், மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்த சரக்குக் கறியும், வேது பிடித்த வெந்நீருமாக என் தேகத்தைத் தேற்றியவர். அவரே மறுத்துவிடுவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ, ‘நீ போட்டு வா பிள்ளை. முகமெல்லாம் கறுத்துப் போச்சு உனக்கு. நாலு பேரோட கதைச்சுச் சிரிச்சிட்டு வா. நான் உன்னையே வளர்த்தனான், உன்ர பிள்ளையைப் பாக்க மாட்டனே?’ என்றார். நம்முடைய பழைய வழக்கம் பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு வேண்டுமென்பதை நன்றாக அறிந்திருந்தது. ஆனால் அவ்வழக்கம் அளித்த ஓய்வு அடைத்த ஜன்னலுக்குள்ளே அளிக்கப்பட்டது. அதிலே உணவு உண்டு, உறக்கம் உண்டு, ஆகாயம் இல்லை, தோழமை இல்லை. தேகம் தேறிய பிறகும் மனம் தேறாமல் வாடுகின்ற தாய்மார் எத்தனை பேர் என்பதை எண்ணும்போது, என் தாயார் அன்று சொன்ன சொல்லைப் பெரிய வைத்தியமென்றே நான் கருதுகிறேன்.

சங்க இலக்கியத்தை ஊன்றிப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே அகத்துறைப் பாடல்களில் ஒரு பெண்ணுக்கு ஒரு தாய் அல்லள், இரண்டு தாயர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் காதலனோடு உடன்போக்கில் சென்றபின் இருவருமே புலம்புகிறார்கள். அவர்களுள் காட்டுவழியே தேடிச் செல்கின்றவள் பெரும்பாலும் செவிலியே. ஒரு சிசுவை ஒரே மனுஷியின் இரண்டு கைகள் மாத்திரம் தாங்கவேண்டும், அவை ஒரு கணமும் விலகலாகாது என்ற எண்ணத்தை நம் பண்டைப் புலவர்கள் எங்கும் சொல்லவில்லை. அது எங்கிருந்து நமக்குள்ளே வந்து குடியேறியதோ, அதன் பாரத்தை இன்று சிறிய வீடுகளிலே தனித்து வாழும் தாய்மார் சுமக்கிறார்கள்.

பிழிந்து வைத்த தாய்ப்பால் குளிர்ப்பெட்டியில் நாலு நாள் வரை கெடாது என்பதைத் தாதித் தோழியே எனக்குக் கற்பித்தாள். புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் ஒவ்வோர் இரவும் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். முற்பட்டவற்றை உறைய வைத்தேன். மசித்த சோறும் பருப்பும் உண்ணத் தொடங்கிவிட்ட குழந்தை அவள். ஆகையால் அவளுக்கு ஒரு குறையுமில்லை. குறை என்னிடத்திலேதான் இருந்தது; பால் கட்டிய மார்பின் வேதனையும், சும்மா கிடந்த கைகளின் வெறுமையும், அவற்றோடுகூட, மறைக்க விரும்பாத ஒரு பெரிய சந்தோஷமும் ஒன்றாக என்னுள் இருந்தன.

ஒகியாவுக்கும் அப்புத்தளைக்கும் இடையிலே பாதை மலையின் விளிம்பையே பற்றிக்கொண்டு செல்கிறது. அப்புத்தளையில் வண்டி நிற்கும்போது தெற்கே பார்த்தால், நிலம் திடீரென்று இறங்கி, சமவெளி நீலமாகக் கரைந்து, தெளிந்த நாட்களில் கடல் வரையில் காட்சி ஓடுகிறது. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டம் இந்த ஊரை அடுத்தே இருக்கிறது; அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்து மகிழ்ந்ததாகச் சொல்லப்படும் முகட்டுக்கு இன்றைக்கும் பிரயாணிகள் கூட்டமாகப் போகிறார்கள். ஆயினும் எங்கள் பசறைத் தோழி எங்களுக்குக் காட்டியது வேறொரு திசை. கிழக்கே கொஸ்லந்தைக்கு மேலுள்ள சரிவிலே மீரியபெத்தை இருக்கிறது. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களை மூடிய இடம் அது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்டதனால் தப்பிய பிள்ளைகளுக்கு, திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவள் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள், நாங்களும் பேசவில்லை.

எல்ல நிலையத்தைத் தாண்டியதும் ஒன்பது வளைவுப் பாலம் வருகிறது. 1921இல் முடிந்த இப்பாலம் சுமார் 300 அடி நீளம், 80 அடி உயரம். கல்லும் செங்கல்லும் சீமெந்துமே அன்றி உருக்கு இதில் இல்லை. அதற்கப்பால் தெமோதரை. இங்கே பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன்பு வண்டி நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகப் புகுந்து வெளிவருகிறது. செங்குத்தான இறக்கத்தை என்ன செய்வதென்றறியாது எஞ்சினியர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் காட்டி யோசனை சொன்னான் என்று கதையொன்று வழங்குகிறது. கதை உண்மையோ, அல்லவோ. இம்மலைகளைக் குடைந்து கல்லடுக்கியவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படாத நாட்டில், அவர்களுள் ஒருவனுடைய அறிவுக்காவது மக்கள் இந்தக் கதையின் மூலம் மரியாதை செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இருப்புப் பாதை பதுளையை வந்தடைந்தது 1924இல். அதற்கப்பால் பாதை இல்லை.

பதுளை, நாற்புறமும் மலை சூழ, பதுளு ஓயாவின் கரையிலே அமைந்த பட்டணம். பௌத்தர்கள் போற்றும் பதினாறு புண்ணிய ஸ்தலங்களுள் ஒன்றாகிய முத்தியங்கனை விகாரையும், அப்புத்தளையில் 1845இல் இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸின் ஞாபகார்த்தமாக எழுந்த புனித மாற்கு தேவாலயமும் இங்கே இருக்கின்றன. அன்று அவற்றையெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. எங்கள் மனமெல்லாம் பசறைச் சாலையிலேயே இருந்தது.

நமுனுகுலை மலையின் அடிவாரத்திலே, சாலையிலிருந்து பிரிந்து ஏறுகிற ஒரு கல்பாதையின் முடிவில், ஸ்நேகிதியின் பெற்றோர் வசிக்கும் லயம் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டப்பட்ட காம்பராவின் முன்னும் பின்னும் அவர்கள் தங்கள் உழைப்பினால் இன்னும் இரண்டு அறைகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவளுடைய தாயார் எங்களைக் கண்டதும் ஒவ்வொருத்தியின் கன்னத்தையும் தடவினார். அந்த விரல்கள் கொழுந்தின் கறையேறிக் கறுத்து, நுனியிலே தோல் தடித்திருந்தன. வேலையை விட்டு வருஷங்கள் சென்றும் கறை போகவில்லை. கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் சுடச்சுடத் தேத்தண்ணியும் கொடுத்தார். சாப்பிட்டு முடிவதற்குள் என் முகத்திலிருந்தே விஷயத்தை அறிந்துகொண்டு, ‘பால் கட்டியிருக்குதா தாயி? சொல்ல வேணாமா?’ என்று உள்ளே அழைத்துச் சென்று, வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, பாலைப் பிழிய உதவினார். வேதனை தணிந்தது. பிழிந்த பாலைக் கீழே கொட்ட எனக்கு மனம் வராமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவரே அதை வாங்கி, கொல்லையிலிருந்த செவ்வரளியின் அடியிலே ஊற்றினார். ‘கால்மிதி படாத எடத்துல ஊத்தணும்’ என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. தோட்டத்தில் அது வேலைநாள். விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி, கங்காணி இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்ப, பெண்கள் இடுப்பிலே படங்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, மட்டக்கம்பும் கையுமாக ஏறத் தொடங்கினார்கள். அவர்களுள் ஸ்நேகிதியின் அண்ணியும் ஒருத்தி. ஆனால் அவள் நேரே மலைக்குப் போகவில்லை. தோளிலே உறங்கிய ஐந்து மாதக் குழந்தையோடு முதலில் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். நாங்களும் கூடவே சென்றோம்.

பிள்ளைக் காம்பராவைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை. நீண்ட ஒற்றை அறை. சுவரிலே பூக்களும் மிருகங்களும் வரையப்பட்டிருந்தன. உத்தரத்திலிருந்து பழைய சேலைகளாலான தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை உண்டு. தோட்டத்தில் எவரும் அப்படி அழைப்பதில்லை. ஆயாம்மா வாசலிலே நின்று ஒவ்வொரு குழந்தையையும் வாங்கும்போது, அதன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் உண்டா என்று பார்த்து, ‘ராத்திரி தூங்கினானா? எத்தனை தடவ வெளிய போனான்?’ என்று கேட்டு, பதிலை மனதிலே குறித்துக்கொண்டார். சுவரோரத்தில் திரிபோஷச் சத்துமாப் பொட்டலங்கள். ஒரு தாய் குழந்தையைக் கொடுத்தபின் இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள்; அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது என்று பிறகு அறிந்தேன். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பழக்கத்தினால் நெஞ்சு கல்லாகிவிட்டதென்று யாரேனும் நினைப்பார்களாயின் அது பெரும் பிழை. திரும்பிப் பார்த்தால் கால் எழாது என்று அண்ணி என்னிடம் சொன்னாள்.

பத்து மணியளவில் தாய்மார் பாலூட்ட வந்தார்கள். கூடையை வெளியே இறக்கிவைத்து, குழாயடியில் கைகளையும் மார்பையும் கழுவி, அட்டை ஏறியிருக்கிறதா என்று கால்களைப் பார்த்துக்கொண்டு, உள்ளே வந்து தரையில் அமர்ந்தார்கள். என் எதிரிலே அண்ணியின் குழந்தை பசியோடு பற்றிக் குடித்தபோது அவள் கண்களை மூடிக்கொண்டாள். அந்தச் சில நிமிஷங்களே காலை முதல் அவள் உட்கார்ந்த நேரம். சட்டம் இந்த இடைவேளையை அங்கீகரித்திருக்கிறது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உடைய தாய்க்கு வேலைநாளில் இருமுறை பாலூட்ட நேரம் தரவேண்டும், பிள்ளைக் காம்பரா இருக்குமிடத்தில் ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையலாகாது, இல்லாத இடத்தில் ஒரு மணிக்குக் குறையலாகாது. ஆனால் மலை தூரமாயிருந்தால் இறங்கி ஏறுவதிலேயே அந்த அரை மணியில் பாதி கரைந்துவிடும். இரக்கமுள்ள கங்காணிமார் பச்சைப் பிள்ளைக்காரிகளுக்கு அருகிலுள்ள நிரையைக் கொடுப்பதுண்டு. நேரத்தைச் சட்டம் தந்தது; தூரத்தைக் குறைப்பது மனிதனின் மனத்தைப் பொறுத்ததாய் நிற்கிறது.

அங்கே அமர்ந்திருந்தபோது என் சொந்தக் கணக்கு எனக்கு நினைவு வந்தது. அரசாங்க ஆசிரியையாகிய எனக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுமுறை கிடைத்தது. அதன்பின் அரைச் சம்பளத்தில் 84 நாளும், வேண்டுமானால் சம்பளமின்றி இன்னுமொரு 84 நாளும் எடுக்க உரிமை இருந்தது. 1939இல் இயற்றப்பட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் தோட்டத்துப் பெண்ணுக்கோ பன்னிரண்டு வாரம். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்னரே கழிந்துவிடும். என் மகள் குப்புறக் கவிழப் பழகிய நாட்களிலெல்லாம் நான் அவளருகே இருந்தேன். இத்தொட்டில்களில் கிடக்கும் குழந்தைகள் இரண்டரை மாதத்திலேயே இங்கு வந்தவர்கள். அவர்கள் முதலில் கவிழ்வதைக் காண்பவர் ஆயாம்மா. ஒரே தீவில், ஒரே பாஷை பேசுகின்ற இரண்டு தாய்மாருக்கு இரண்டு அளவு காலத்தை யார் எந்த நியாயத்தைக் கொண்டு அளந்தார்களென்று எனக்கு விளங்கவில்லை. அதை நியாயமென்று ஏற்கவும் என்னால் முடியவில்லை.

இந்த நிலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து ஆட்கள் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து, பழம் பறித்துத் திரும்பினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தில் தேயிலை வேரூன்றியபோது, வருஷம் முழுவதும் சில நாட்களுக்கொருமுறை கொழுந்தெடுக்க வேண்டியிருந்ததால், ஆண்கள் மட்டும் வந்துபோவது போதாமற்போயிற்று. மெல்லிய விரலும் பொறுமையும் வேண்டுமென்று சொல்லிப் பெண்களைக் குடும்பத்தோடு குடியமர்த்தினார்கள். அப்படியானால் பிறக்கும் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு விடையாகவே பிள்ளைக் காம்பரா உண்டாயிற்று. தாயின் சிரமத்தை எண்ணி எழுந்த கட்டிடமல்ல அது. கொழுந்து தவறாமல் வரவேண்டுமென்பதற்காக எழுந்தது. அந்தக் கட்டிடத்துக்குள்ளே பரிவைக் கொண்டுவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குழந்தைகளைத் தாலாட்டிய ஏழைப் பெண்களே. நம் காலத்துச் செவிலியர் என்று அவர்களை நான் வணங்குகிறேன். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிலும் குறைந்த கூலி என்றிருந்த முறை ஒழிந்து தோட்டங்களில் சம சம்பளம் வந்தது 1984இலேதான். லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்த ஒரு கிழவி, 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பயனாகத் தன் மகள் பேரப்பிள்ளைகளோடு தலைமன்னாருக்கு வண்டியேறிய நாளை எங்களுக்குச் சொன்னார். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாட்டுப் பிரதமர்கள் தீர்மானித்தபோது, அந்தத் தொகைக்குள்ளே ஒரு தாயும் மகளும் எவ்வாறு பிரிந்தார்கள் என்பதை அவர் குரலிலே கேட்டேன்.

பகலில் நிறுவைக்காக இறங்கிய பெண்கள் மர நிழலில் அமர்ந்து சாப்பிட்டபோது எங்களையும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான் குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதை அண்ணி ஏற்கெனவே பரப்பியிருந்தாள். ‘என்ன விசேசத்துக்கு டீச்சர் வந்தீங்க?’ என்று நடுவயதுப் பெண்ணொருத்தி கேட்டாள். விசேஷம் ஒன்றுமில்லை, ஸ்நேகிதிகளோடு இருக்க வந்தேன் என்று சொன்னேன். அயலாரின் சொற்கள் நினைவிலிருந்ததால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரும் முகஞ்சுளிக்கவில்லை. ‘நல்ல வேல செஞ்சீங்க’ என்றாள் அவள். ‘நாங்களும் கதிர்காமத்துக்குப் போவோம். புள்ளைக்கு மொட்டை போட, நேத்திக்கடன் கழிக்க. சமைக்கிறதுக்குச் சட்டி பானை எல்லாம் லொறியில ஏத்திக்கிட்டுத்தான் போறது. அங்கயும் நாங்கதானே சமைக்கணும்.’ எல்லோரும் சிரித்தார்கள். ஊவா மாகாணத்தின் தெற்கு எல்லையிலே இருக்கும் கதிர்காமம் ஒன்றே அவர்கள் அறிந்த யாத்திரை. குழந்தையின்றிச் சென்ற இடம் எதுவென்று கேட்டதற்கு, பிரசவத்துக்குப் பிறகு கருத்தடைச் சிகிச்சைக்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனதை ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் ஆமாமென்றார்கள்.

ஆயினும் அவர்களுக்குள்ளே இருந்த தோழமையைக் கண்டு நான் வியந்தேன். ஒரே நிரையில் அருகருகே பறித்துச் செல்கிறவர்கள், ஒருத்தி பின்தங்கினால் பக்கத்திலுள்ளவள் அவள் செடியிலும் கைபோட்டுப் பறித்து அவள் கூடையிலே எறிகிறாள். யாருக்கு மாமியார் கொடுமை, யாருக்குத் தாலி அடகில் இருக்கிறது, யாருடைய குழந்தைக்கு இரவெல்லாம் இருமல் என்பதெல்லாம் அந்த நிரையிலே பேசப்படுகின்றன. பிள்ளை பெற்று வேலைக்கு வந்த முதல் நாளில் ஒரு பெண் அழுதால், அவளைச் சூழ்ந்து நிற்க இருபது பேர் இருக்கிறார்கள். என் அடுக்குமாடி வீட்டிலே, நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நாட்களில், எனக்கு அப்படியொரு நிரை இருந்ததில்லை. அவர்களிடம் தோழமை இருக்கிறது, ஓய்வு இல்லை. எனக்கு ஓய்வெடுக்க வழி இருந்தது, தோழமை விலகிப்போயிருந்தது. இரண்டுமே ஒரு தாய்க்கு வேண்டியவை என்பதை அந்த மர நிழலில் நான் உறுதியாக உணர்ந்தேன்.

மாலையில் நாங்கள் நால்வரும் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்குப் போனோம். பதுளையிலிருந்து மகியங்கனைச் சாலையில் சில மைல் சென்று, பின் காட்டுக்குள்ளே ஒற்றையடிப் பாதையாக நடக்கவேண்டும். பதுளு ஓயா 64 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் விழுமிடம் அது. கோடையாதலால் நீர் மெலிந்திருந்தது. அப்படியிருந்தும் அடியிலிருந்து எழும் திவலைகள் வெகுதூரம் வரை வந்து முகத்தை நனைத்தன. பாதை முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டே நடந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்ல இயலாது. விடுதிக் காலத்தில் மகாவலிக் கரையிலே நனைந்தது. வங்கித் தோழி திருமணமே வேண்டாமென்று தீர்மானித்தது, அதற்காக அவள் வீட்டிலே பட்ட துயரம். தாதித் தோழி பிரசவ விடுதியில் இரவுக் கடமையிலே கண்டவை. நடுவழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, பிரசவ நாளின் பயத்தை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கணவரிடமும் தாயாரிடமும் சொல்லாதது அது. அவர்கள் ஆறுதல் மொழி கூறவில்லை; கேட்டார்கள். தாதித் தோழி என் கையைப் பற்றிக்கொண்டு, ‘அது உன் தவறில்லை, அப்படித்தான் சில நேரம் நடக்கும்’ என்று வைத்திய விளக்கத்தைச் சொன்னாள். பல மாதங்களாக நெஞ்சிலே கிடந்த ஒரு கட்டி அங்கே கரைந்தது. பிறகு எதற்கென்று தெரியாமல் சிரிக்கத் தொடங்கி, வழியிற் போன ஒரு சிங்களக் குடும்பமும் எங்களோடு சேர்ந்து சிரிக்கும்வரையில் சிரித்தோம்.

அன்றிரவு தொலைபேசித் திரையில் மகளைப் பார்த்தேன். என் குரலைக் கேட்டதும் கண்ணாடியை நக்க வந்தாள். பிறகு அம்மம்மாவின் சங்கிலியைப் பிடித்து இழுக்கப் போய்விட்டாள். சோறு நன்றாகத் தின்றாளென்றும், தகப்பனோடு கடற்கரைக்குப் போய்வந்தாளென்றும் தாயார் சொன்னார். என் கணவர் அவளை ஒருநாள் முழுவதும் தனியே குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்தது அதுவே முதல் தடவை; அவர் குரலிலே ஒரு புதிய நிச்சயம் தொனித்தது. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இடையே நான் எப்போதும் நிற்பது அவர்களுக்கும் நன்மையல்ல என்பதை அந்தத் தூரம் எனக்குக் காட்டியது. அன்று நான் நடுவில் விழிக்காமல் உறங்கினேன்.

ஞாயிறு காலையில் பதுளை நிலையத்துக்கு எங்களை வழியனுப்ப ஸ்நேகிதியோடு அண்ணியும், அவள் மாமியாராகிய ஸ்நேகிதியின் தாயாரும், குழந்தையுமாக வந்திருந்தார்கள். தோட்டத்து மக்கள் சாமான் வாங்கப் பட்டணத்துக்கு இறங்கும் நாள் அது. வண்டி புறப்பட நேரமிருந்தது. அண்ணி புகையிரதப் பெட்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் தெமோதரை வரையிலே ஒருமுறை போயிருக்கிறாளாம். கொழும்பில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரமென்று கேட்டாள். ரயில் பாதையைக் கடந்தால் கடல் என்றேன். ‘அப்ப நீங்க கூப்பிட்டா நானும் வரலாமா?’ என்று கேட்டுவிட்டு, மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அவள் கேட்டு முடிவதற்குள்ளேயே வங்கித் தோழி கைப்பையிலிருந்து நாட்காட்டியை எடுத்துவிட்டாள். தைப்பொங்கலுக்குப் பின்வரும் போயா சனிக்கிழமையை ஒட்டி வருமா, தோட்டத்தில் அந்த வாரம் கொழுந்து குறைவாயிருக்குமா, ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போனால் என்ன நஷ்டம், அதை நாங்கள் நால்வரும் பகிர்ந்துகொள்வதை அவள் தவறாக எண்ணாமலிருப்பாளா என்பதையெல்லாம் நிலைய வாங்கிலே அமர்ந்து பேசினோம். டிக்கெட் முன்பதிவை நான் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். அண்ணி தன்னோடு நிரையில் நிற்கும் இன்னொருத்தியையும் அழைத்துவரலாமா என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் இடமுண்டென்று சொன்னோம். மாமியார் இத்தனை நேரமும் ஒன்றும் பேசாமல் பேரனை மடியில் வைத்து விரல்களால் எண்ணிக்கொண்டிருந்தவர், ‘அப்ப இவனுக்குப் பத்து மாசம் முடிஞ்சிரும். கஞ்சி குடிப்பான். நான் பாத்துக்கிறேன், நீ போய்ட்டு வா’ என்றார்.